இடுப்பு வலி: பிசியோதெரபியோடு வேறென்ன சேர்க்கலாம்?

"ஏனுங்க மேடம், வெறும் எக்சர்சைஸ் மட்டும்தானுங்களா? கரண்டு, கிரண்டு ஒண்ணும் வைக்க மாட்டீங்களா?"

திருப்பூரில் இடுப்பு வலிக்கு வைத்தியம் பார்க்கும் எந்த பிசியோதெரபிஸ்டுக்கும் இந்தக் கேள்வி பழகியதுதான். கேட்பவர்கள் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. பனியன் கம்பெனியில் அரை ஷிப்ட் சம்பளத்தை விட்டுவிட்டு, பஸ் பிடித்து, காத்திருந்து உள்ளே வருகிறார்கள். "முட்டியை மடக்குங்க, நீட்டுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், இதற்கா வந்தோம் என்று தோன்றாதா? அதோடு இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ஒருவர் லேசர் பற்றி வீடியோ பார்த்துவிட்டு வருகிறார், இன்னொருவர் ஷாக்வேவ் பற்றி. பக்கத்து ஊரில் 'டீகம்ப்ரஷன் டேபிள்' வந்திருக்கிறது, படுத்தால் டிஸ்க் தானாக உள்ளே போய்விடுமாம் என்று நம்பிக்கையோடு சொல்பவர்களும் உண்டு.

பிசியோதெரபியோடு புதிதாக எதைச் சேர்த்தால் நிஜமாகவே கூடுதல் பலன் கிடைக்கும்? இதைப் பற்றிப் பல வருடங்களாகத் தேடிப் படித்துவருகிறேன். எனக்குக் கிடைத்த பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளக்கில் மாட்டுகிற சாதனங்கள் பெரும்பாலும் உடற்பயிற்சிக்கு மேல் ஒன்றையும் கூட்டித் தருவதில்லை. வலிக்காரர் தன் இடுப்பைப் பற்றி என்ன நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறார் என்று கேட்டு, அந்தப் பயத்தை அசைவின் வழியாகவே தீர்க்கும் முறைதான் கூட்டித் தருகிறது. அதற்கு மெஷின் தேவைப்படாது, நேரம் நிறையவே தேவைப்படும்.

எந்த இடுப்பு வலியைப் பற்றிப் பேசுகிறேன் என்பதைத் தெளிவாக்கிவிட வேண்டும். சிறுநீர் திடீரென்று அடைத்துக்கொள்வது அல்லது கட்டுப்பாடில்லாமல் போவது, தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, கால் நாளுக்கு நாள் பலம் இழப்பது ஆகியவை அவசர அறிகுறிகள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலியோடு காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தாலும், முன்பு புற்றுநோய் வந்தவராக இருந்தாலும், கீழே விழுந்த பிறகு வலி ஆரம்பித்திருந்தாலும் டாக்டர் பரிசோதனைதான் முதலில். நம் நாட்டில் முதுகெலும்பில் வருகிற காசநோயையும் மறந்துவிடக் கூடாது. இவர்களை விட்டுவிட்டுப் பார்த்தால், மீதமிருக்கும் மிகப் பெரிய கூட்டத்துக்கு வலிக்கு இதுதான் காரணம் என்று ஒரு எலும்பையோ நரம்பையோ சுட்டிக்காட்ட முடியாது. அந்த வலி 3 மாதங்களைத் தாண்டி நீடிக்கும்போது நாள்பட்ட வலி என்கிறோம். உலகம் முழுக்க 2020இல் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2050இல் அது 84.3 கோடியாகும் என்பது மதிப்பீடு.

ஒரு புதுச் சிகிச்சை வேலை செய்கிறதா என்று கண்டுபிடிப்பது, கேட்பதற்குத் தோன்றுவது போல எளிதான காரியமில்லை. மனிதர்கள் வலி உச்சத்தில் இருக்கும் நாளில்தான் சிகிச்சை தேடி வருகிறார்கள். உச்சத்துக்குப் போன வலி, ஒன்றும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அந்தச் சமயத்தில் முதுகில் நீல நிற டேப் ஒட்டியிருந்தால் பெயர் டேப்புக்குப் போய்விடும். அதனால் நேர்மையான சோதனை என்றால் இரண்டு குழுவுக்கும் ஒரே பிசியோதெரபி கொடுத்து, ஒன்றுக்கு மட்டும் புதுச் சிகிச்சையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முடிந்தால் மற்ற குழுவுக்கு அதே மாதிரித் தோன்றும் போலிச் சிகிச்சையும் கொடுக்க வேண்டும்.

பிரேசிலில் இருக்கும் சில பிசியோதெரபி ஆராய்ச்சியாளர்கள் இதைப் பொறுமையாகச் செய்துவருகிறார்கள், அவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களுக்கு உடற்பயிற்சியும் கைச் சிகிச்சையும் கொடுத்து, ஒரு பாதிக்கு மட்டும் கினீசியோ டேப்பையும் ஒட்டிப் பார்த்தார்கள். 2016இல் வெளியான முடிவு: டேப் கூடுதலாக எதுவும் தரவில்லை. அடுத்த ஆண்டு இன்னொரு முடிவு வந்தது. பிலாட்டீஸ் பயிற்சிக்கு முன்னால் ஒரு குழுவுக்கு ஐஎஃப்டி என்ற கரண்ட் சிகிச்சை நிஜமாகவே, இன்னொரு குழுவுக்குக் கரண்ட் ஓடாத ஐஎஃப்டி. இரண்டு குழுவும் நன்றாகத் தேறின, ஒரே அளவில். தேறியதற்குக் காரணம் பயிற்சிதான் என்று எடுத்துக்கொள்வதே நியாயம்.

"ஆனா கரண்டு வெச்சா சுகமா இருக்குதுங்களே" என்பார்கள். சுகம் நிஜம்தான். 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்கள். தண்டுவடத்துக்குள் வலிச் செய்தி நுழையும் இடத்தில் ஒரு வாசல் மாதிரியான அமைப்பு இருக்கிறது, தொடுதல், அழுத்தம் போன்ற செய்திகள் அதிகமாக வந்தால் அந்த வாசல் வலியை ஓரளவு தடுத்து நிறுத்தும் என்றார்கள். கால் இடித்துக்கொண்டதும் நாம் கையால் தேய்த்துவிடுவதும், டென்ஸ் கருவி குறுகுறுவென்று கரண்ட் விடுவதும் அந்த வாசலில்தான் வேலை செய்கின்றன. கருவியைக் கழற்றி, பஸ் ஏறி வீட்டுக்குப் போவதற்குள் அந்தத் தடுப்பு பெரும்பாலும் விலகிவிடுகிறது. வலிக்குப் பயந்து எழவே மறுக்கும் ஒருவரை நான்கு எட்டு நடக்கவைக்க அந்த அரைமணி நேரச் சுகத்தைப் பயன்படுத்திக்கொள்வதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். அதையே முழுச் சிகிச்சையாக நம்பி மாதக்கணக்கில் வந்துபோவதுதான் வேதனையாக இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று முதன்முறையாக வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நம் ஊர் கிளினிக்குகளில் தினமும் நடக்கும் பல விஷயங்கள் அதில் வேண்டாத பட்டியலில் இருக்கின்றன: டென்ஸ், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, முதுகெலும்பை இழுத்துவிடும் ட்ராக்‌ஷன், இடுப்பு பெல்ட். பிரிட்டனின் நைஸ் அமைப்பு இவற்றை 2016லேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டது, ஐஎஃப்டியையும் சேர்த்து. டீகம்ப்ரஷன் டேபிள் என்று புதுப் பெயரில் வருவதும் அடிப்படையில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டோடு இயங்கும் ட்ராக்‌ஷன்தான். நகையை அடமானம் வைத்து அந்தப் பேக்கேஜுக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்வேன்.

ஊசி விஷயத்தில் பெரிய அமைப்புகளுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. நைஸ் அக்குபங்சரை வேண்டாம் என்கிறது, உலக சுகாதார நிறுவனம் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறது. ஜெர்மனியில் 1,162 பேரை வைத்து நடந்து 2007இல் வெளியான பெரிய ஆய்வைப் பார்த்தால் இந்தக் குழப்பம் ஏன் என்று புரியும். ஆறு மாத முடிவில் முறையான அக்குபங்சர் பெற்றவர்களில் 47.6 சதவீதம் பேருக்குக் கணிசமான பலன். புள்ளிகளைப் பார்க்காமல் மேலோட்டமாகக் குத்திய போலி அக்குபங்சரில் 44.2 சதவீதம். மருந்து, பிசியோதெரபி, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதம்தான். ஊசி எந்தப் புள்ளியில் இறங்குகிறது என்பதற்குப் பெரிய பங்கு இல்லை, ஆனாலும் இரண்டு ஊசிக் குழுக்களும் வழக்கமான சிகிச்சையைத் தாண்டிவிட்டன. ஒருவர் அருகில் உட்கார்ந்து, தொட்டு, நேரம் ஒதுக்கி, இது சரியாகும் என்ற எதிர்பார்ப்பைக் கொடுப்பதற்கு ஒரு பலம் இருக்கிறது என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். இந்த இடத்தில்தான் என் கவனம் மெஷின்களை விட்டு வேறு பக்கம் திரும்பியது.

2023இல் லான்செட் இதழில் ரெஸ்டோர் என்ற ஆஸ்திரேலிய ஆய்வு வெளியானது. நம் தொழிலில் இருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது அதை உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பெர்த், சிட்னி பகுதிகளில் 20 கிளினிக்குகள், 492 நோயாளிகள். எல்லோரும் அன்றாட வேலைகளைச் செய்ய முடியாத அளவுக்கு நாள்பட்ட வலி உள்ளவர்கள், பலர் வருடக்கணக்கில் வலியோடு இருந்தவர்கள். மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழு தாங்கள் வழக்கமாகப் பார்க்கும் வைத்தியத்தையே பார்த்துக்கொண்டது. இரண்டாவது குழுவுக்கு காக்னிட்டிவ் ஃபங்ஷனல் தெரபி, சுருக்கமாக சிஎஃப்டி. மூன்றாவது குழுவுக்கு அதே சிஎஃப்டியோடு, முதுகில் ஒட்டிக்கொள்ளும் சென்சார்கள். நோயாளி எப்படிக் குனிகிறார், எப்படி நிமிர்கிறார் என்று அந்தச் சென்சார் அளந்து திரையில் காட்டும்.

மூன்று மாதங்களில் ஏழு அமர்வுகள் வரை, பிறகு ஆறாவது மாதத்தில் நினைவூட்டலுக்கு ஒன்று. அவ்வளவுதான் சிகிச்சை. படி ஏறுவது, படுக்கையிலிருந்து எழுவது, சாக்ஸ் போடுவது என்று வலியால் எவையெல்லாம் தடைப்படுகின்றன என்று கேட்கும் 24 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று இருக்கிறது. 13 வாரங்கள் கழித்து அளந்தபோது, வழக்கமான சிகிச்சைக் குழுவைவிட சிஎஃப்டி பெற்றவர்களின் சிரமம் அந்த அளவுகோலில் சராசரியாக 4.6 புள்ளி குறைவாக இருந்தது. இடுப்பு வலி ஆய்வுகளில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை அபூர்வமாகத்தான் பார்க்க முடியும். ஒரு வருடம் கழித்தும் பலன் நீடித்தது. மூன்று வருடம் கழித்து மறுபடி பார்த்ததை 2025இல் வெளியிட்டார்கள், அப்போதும் பலன் பெரும்பாலும் நிலைத்திருந்தது.

சென்சார் சேர்த்த குழு? அதுவும் 4.6 தான். அவ்வளவு நுட்பமான கருவி சிஎஃப்டிக்கு மேல் எதையும் கூட்டவில்லை. ஆய்வில் ஒரு குறையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஒப்பிட்டது வழக்கமான சிகிச்சையோடு, அதே அளவு நேரமும் கவனமும் கொடுக்கும் ஒரு போலிச் சிகிச்சையோடு ஒப்பிடவில்லை. அப்படி இருந்தும், மூன்று வருடம் நிற்கும் பலனைச் சும்மா தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

சிஎஃப்டியை உருவாக்கியதில் முக்கியமானவர் பெர்த் கர்ட்டின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் பீட்டர் ஓ'சல்லிவன். முறை மூன்று அடுக்குகள் கொண்டது. முதலில், வலி ஏன் நீடிக்கிறது என்பதை நோயாளி தன் சொந்தக் கதையிலிருந்தே புரிந்துகொள்ள உதவுவது. இரண்டாவது, பயந்து விட்டுவிட்ட அசைவுகளைத் தளர்வாக, படிப்படியாக, அந்த அறையிலேயே செய்துபார்க்க வைப்பது. மூன்றாவது, தூக்கம், நடை, வேலை, மனக்கவலை என்று வாழ்க்கைப் பக்கத்தைச் சீர்செய்வது.

எழுத்தில் வறட்சியாகத் தெரியும். அறைக்குள் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஓவர்லாக் தைக்கும் அக்கா ஒருவர் வந்தார். எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ். "சவ்வு விலகி நரம்பை அழுத்துது, குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க" என்று எங்கேயோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் குடம் தூக்குவதில்லை, தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, வாசலில் கோலம் போடுவதில்லை. நாற்காலியிலிருந்து எழச் சொன்னேன். வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்து, இரண்டு கையாலும் தொடையை அழுத்திக்கொண்டு, முதுகைப் பலகை மாதிரி விறைப்பாக வைத்து எழுந்தார். நாள் முழுக்க அப்படித்தான் இருக்கிறார் என்று தெரிந்தது. வலிக்கக் கூடாதென்று அவர் செய்த காவலே தசைகளை ஓயவிடாமல் வைத்திருந்தது.

"அக்கா, நூல் டென்ஷன் கூடிப்போச்சுன்னா தையல் என்னாகும்?"

"சுருக்கு விழுந்துருங்க."

"துணி கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா?"

"துணி நல்லாத்தான் இருக்கும். டென்ஷனை லூஸ் பண்ணோணும்."

அதற்குமேல் நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே வயிற்றைத் தளரவிட்டு, மூச்சை மெதுவாக வெளியேவிட்டு, கைகளைத் தரைப்பக்கம் தொங்கவிடச் சொன்னேன். பாதி வழியில் நின்று "வலிக்குமுங்களே" என்றார். வலித்தால் நிறுத்திவிடலாம் என்றேன். விரல் தரையைத் தொட்டது. ரொம்ப நேரம் என்னையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த முறை நின்றுகொண்டு குனிந்தார். அதற்கப்புறம் பாதிக் குடம் தண்ணீர், பிறகு முழுக் குடம். நடுவில் அவர் தூக்கத்தைப் பற்றியும், ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாட்களில் வலி ஏன் ஏறுகிறது என்பதைப் பற்றியும், சனிக்கிழமை சம்பளத்தை எண்ணிப் பார்க்கும்போது வரும் கவலையைப் பற்றியும் பேசினோம். ஆர்டர் அவசரமாக இருக்கும் வாரங்களில் அவருக்கு இப்போதும் வலி வருகிறது. வந்தால் என்ன செய்வது என்று தெரிந்திருப்பதால் வேலையை விடாமல் சமாளித்துக்கொள்கிறார்.

இந்த எம்ஆர்ஐ ரிப்போர்ட்டைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். வலியே இல்லாத 3,110 பேரின் முதுகெலும்பு ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. வலியில்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. டிஸ்க் பல்ஜ் 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். தலை நரைப்பதைப் போல முதுகெலும்புக்கு உள்ளேயும் வயது தெரியும், அவ்வளவே. "எலும்பு தேஞ்சுபோச்சு" என்ற ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிட்டு, முப்பத்தைந்து வயதில் தன் உழைப்பு முடிந்துவிட்டது என்று அழுதபடி உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. ஸ்கேன் தேவைப்படும் சமயங்கள் உண்டு, மேலே சொன்ன அவசர அறிகுறிகள் அப்படிப்பட்டவை. மற்ற நேரங்களில், ரிப்போர்ட்டைக் கையில் கொடுப்பவர் இந்த எண்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வேறு சில புது முயற்சிகளும் இதே திசையில்தான் போகின்றன. அமெரிக்காவில் 2021 நவம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்றே ஒரு விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடிக்கு அந்நாட்டின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. வீட்டிலேயே 8 வாரங்கள், தினமும் சில நிமிடங்கள். அந்தக் கண்ணாடிக்குள் இருப்பது மூச்சுப் பயிற்சி, கவனத்தைத் திருப்புவது, வலியைப் பற்றிய விளக்கம். சோதனையில் அதைப் பயன்படுத்தியவர்களில் 66 சதவீதம் பேருக்கு வலி 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது, சாதாரணக் காட்சிகளைப் பார்த்தவர்களில் 41 சதவீதம் பேருக்கு. கொலராடோவில் 151 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில், வலி உடம்பின் சேதத்திலிருந்து வரவில்லை, மூளை பாதுகாப்பு கருதி எழுப்பும் எச்சரிக்கை அது என்று உணரவைக்கும் பேச்சுச் சிகிச்சையால் மூன்றில் இரண்டு பங்கினர் வலியே இல்லாத அல்லது கிட்டத்தட்ட இல்லாத நிலைக்கு வந்தார்கள். ஒரே ஊரில் நடந்த சின்ன ஆய்வு என்பதால் நான் நிதானமாகத்தான் பார்க்கிறேன். ஆனால் கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் விஷயத்தையே நம் ஊரில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிக் கொடுத்துவிடலாமே என்ற எண்ணம் விடாமல் வருகிறது.

நடையையும் இந்த வரிசையில் வைக்கிறேன், அதைச் சிகிச்சையாக யாரும் மதிப்பதில்லை என்பதால். ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகம் 701 பேரிடம் நடத்திய வாக்பேக் ஆய்வு 2024இல் வெளிவந்தது. எல்லோரும் சமீபத்தில் இடுப்பு வலி வந்து குணமானவர்கள். பாதிப் பேரை, பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஆறு மாதத்தில் ஆறு முறை வழிகாட்டி, வாரத்துக்கு ஐந்து நாள் அரைமணி நேரம் நடக்கும் நிலைக்குப் படிப்படியாகக் கொண்டுவந்தார், வலியைப் பற்றிப் புரியவும் வைத்தார். மறுபடி வலி வர அவர்களுக்கு ஆன இடைக்காலம் 208 நாள். அப்படி எதுவும் கொடுக்காத மற்றவர்களுக்கு 112 நாள். யோகா செய்பவர்களுக்கும் ஒரு நல்ல செய்தி. அமெரிக்காவின் பாஸ்டனில், பெரும்பாலும் வருமானம் குறைந்த 320 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், 12 வார யோகா வகுப்பு பிசியோதெரபிக்குச் சளைத்ததாக இல்லை.

ஆக, புதிதாக ஏதாவது சிகிச்சை சொல்லப்பட்டால் தயங்காமல் கேளுங்கள். இதை உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்ததில், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட அதிகப் பலன் கிடைத்திருக்கிறதா? இது முடிந்த பிறகு, இப்போது என்னால் செய்ய முடியாத எந்த வேலையை நான் செய்ய ஆரம்பிப்பேன்? எத்தனை வாரத்தில் பலன் தெரியாவிட்டால் நிறுத்துவோம்? பொறுப்பான பிசியோதெரபிஸ்ட் யாரும் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

எங்கள் பக்கத்துச் சிக்கலும் இருக்கிறது. மெஷினுக்குப் பில் போடலாம், பேசியதற்குப் பில் போட முடிவதில்லை. ஒருவரிடம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினால் அந்த நேரத்தில் நான்கு பேரைக் கரண்டில் படுக்கவைத்திருக்கலாம் என்று கணக்குப் பார்க்கும் கிளினிக்குகளில் இளம் பிசியோதெரபிஸ்டுகள் என்ன செய்வார்கள்? கல்லூரியிலும் மின்சாதனங்களை இயக்கக் கற்பதற்கு இணையாக, பயந்துபோன ஒருவரிடம் எப்படிக் கேட்பது, எப்படிப் பேசுவது என்று கற்றுத்தர வேண்டும். ரெஸ்டோர் ஆய்வில் பங்கெடுத்த பிசியோதெரபிஸ்டுகள் மேற்பார்வையோடு தனிப் பயிற்சி பெற்ற பிறகுதான் நோயாளிகளைப் பார்த்தார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே போகிறார்கள். வலிக்காரர் எந்த உயரத்தில் அடுப்பு வைத்திருக்கிறார், எங்கே படுக்கிறார், தண்ணீர் எங்கிருந்து தூக்குகிறார் என்பதெல்லாம் அவர்கள் கண் முன்னாலேயே இருக்கிறது. கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது கிடைப்பதில்லை. அந்தப் பிசியோதெரபிஸ்டுகளுக்கு சிஎஃப்டி பாணியில் சில மாதப் பயிற்சியும், ஒரு வீட்டில் அரைமணி நேரம் உட்கார அனுமதியும், கையில் கொடுத்துவிட்டு வர நல்ல தமிழில் நாலு பக்கக் கையேடும் கிடைத்தால் போதும். ஒரே ஒரு மாவட்டத்தில் ஒரு வருடம் செய்து, அளந்து பார்க்கலாம். அதற்குப் புதிதாக எந்த மெஷினும் வாங்க வேண்டியதில்லை.